புரோகோப்பிஸ் கொண்டாடாத பெயர்நாள்

காப்பிக்கடை புரோகோப்பிஸ் கெட்டவன் இல்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனுக்கு அவன் பெயருக்குரிய புனிதரின் திருநாளான பெயர்நாளும் உல்லாசக் கப்பலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால், பாவம், அவன் என்னதான் செய்வான்?

எங்கள் தீவுத் துறைமுகத்தில் பெயர்நாளுக்கு யாரும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும். ஊர் வரும், "பல்லாண்டு இரு" என்று வாழ்த்தும், உட்கார்ந்து தின்னும். அதுவும் காப்பிக்கடைக்காரனின் பெயர்நாள் என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு நாற்காலி காலியாக இருக்காது. இந்த வருடம் பார்த்து அந்த வெள்ளைக் கப்பல் முதன்முறையாக எங்கள் வளைகுடாவில் அரை நாள் நிற்கப்போகிறது. கப்பலின் வழிகாட்டிப் பெண் தனாயி முன்னமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"என் ஆளுங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். கடலைப் பாத்து நிம்மதியா உக்கார நாற்காலி வேணும். இருந்தா ஒவ்வொரு வியாழனும் வருவோம். இல்லேன்னா பக்கத்துத் தீவு."

ஒவ்வொரு வியாழனும். அந்தச் சொல் புரோகோப்பிஸின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஊர்க்காரர்களை எப்படியாவது நாற்காலியில் உட்காரவிடாமல் தடுக்க வேண்டும். விடிந்ததும் கடைக் கதவில் ஓர் அட்டை ஒட்டினான்: 'இந்த ஆண்டு பெயர்நாள் கொண்டாடவில்லை.'

எங்கள் ஊரில் பெயர்நாள் கொண்டாடாமல் இருப்பது சாவு விழுந்த வீடு மட்டும்தான். இது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். நாற்காலி ஞாபகத்திலேயே இருந்த புரோகோப்பிஸுக்கு மட்டும் மறந்துபோயிற்று.

முதலில் வந்தவள் ரொட்டிக்கடைக் கிழவி கலிரோயி. அட்டையைப் படித்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

"டேய் புரோகோப்பி, யாருடா?"

"யாரு யாரு, அத்தே?"

"யாருடா போனது?"

யாரும் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கஞ்சப்பயல் என்று கப்பல் வருவதற்குள் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவாள். நாக்கில் அகப்பட்டவர் மெல்போர்னில் இருக்கும் சித்தப்பா. அவ்வளவு தூரத்தில் செத்தால் பிணத்தைக் காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"லாம்ப்ரோஸ் சித்தப்பா," என்றான், தரையைப் பார்த்தபடி.

"அந்தத் தங்கமான மனுஷனா," என்று கலிரோயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் வரைக்கும் அவள் வாயில் அவர் 'என்னை நிச்சயம் பண்ணிட்டு ஓடின பயல்'.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. பாதிரியார் அந்திமோஸ் முன்னே வர, ஊரே கறுப்பு உடுத்திக்கொண்டு பின்னே வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாக் காப்பி, பிராந்தி, ரஸ்க் எல்லாம் வீட்டுக்காரன் பொறுப்பு. பெயர்நாளுக்கு வந்தவர்களாவது மத்தியானம் எழுந்து போவார்கள். துக்கத்தில் சீக்கிரம் எழுந்தால் மரியாதையில்லை. எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் கப்பல் பயணிகள் அரைக்கால் சட்டையும் ஓலைத் தொப்பியுமாகக் கரையேறினார்கள்.

"என்ன இது?" என்றாள் தனாயி.

"எங்க சித்தப்பா," என்றான் புரோகோப்பிஸ்.

அவள் திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், வரிசையில் நின்றார்கள், ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துக்கம் விசாரித்தவனுக்குப் பிராந்தி கொடுக்காமல் இருக்க முடியுமா, கொடுத்ததற்குக் காசுதான் கேட்க முடியுமா? சிவந்த முகக்காரர் ஒருவர் செத்துப்போன தன் நாயை நினைத்து அவன் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு எல்லாரும் துறைச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கசப்புக் காப்பியை உறிஞ்சியபடி, தங்களில் ஒருவருக்கும் புரியாத ஊர்ப் பெண்களின் ஒப்பாரியை மிக நிம்மதியாகக் கேட்டார்கள்.

தனாயி அவனை ஓரமாக இழுத்தாள். "இவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த வியாழனும் இருக்குமா?"

"துக்கமா?"

"ஆமா."

அந்த வெட்கங்கெட்டவன் வெளிநாட்டு உறவினர்களை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஆனாலும் உள்ளே ஏதோ குத்தியது. காலையிலிருந்து ஒரு வாய்கூட அவனைப் பல்லாண்டு இரு என்று வாழ்த்தவில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பெயர்நாள் அவனுக்கு வந்ததில்லை. கதவை அடைத்தது தானேதான் என்று தெரிந்தும் கண் கலங்கியது. அதைப் பார்த்து, "என்ன பாசம் பாரு," என்று ஊர் உச்சுக்கொட்டியது.

கடைக்குள் தொலைபேசி அடித்தது.

புரோகோப்பிஸ் தேள் கொட்டிய திருடனைப் போல நின்றான். வருடாவருடம் பெயர்நாளன்று இதே நேரத்துக்கு அழைப்பது யார் என்று இப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அவன் ஓடுவதற்குள் பக்கத்தில் இருந்த கலிரோயி எடுத்துவிட்டாள்.

"நீயா?" என்றாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஊரைப் பார்த்தாள். "லாம்ப்ரோஸ் பேசுறான்."

"எங்கேருந்து?" என்றார் பாதிரியார்.

"மெல்போர்ன்லேருந்து."

"அப்ப சொர்க்கம் இல்ல," என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமாக.

கலிரோயி ரிசீவரில் பொரிந்தாள். "நீ செத்துட்டே. மணி அடிச்சாச்சு, பூசை ஆச்சு. விடிஞ்சதுலேருந்து அழுதுக்கிட்டு இருக்கேன், இப்ப வந்து உசிரோட இருக்கேங்கறே. அன்னிக்கும் இப்படித்தான், ஒரு சொல்லுல நிக்கமாட்டே." கொஞ்ச நேரம் கேட்டாள். "ஆமா, நானுந்தான் அழுதேன். கண்ணு என்னோடது, நான் அழுவேன்." ரிசீவரைப் புரோகோப்பிஸின் நெஞ்சில் திணித்தாள்.

ஊர் முழுவதும் அவனையே பார்த்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது.

"என்னைக் கொன்னுட்டியாமேடா," என்றது குரல்.

"சித்தப்பா, நாற்காலி..."

"அதை விடு. நான் போன் போட்டது வேற விஷயத்துக்கு. பல்லாண்டு இருடா புரோகோப்பி."

புரோகோப்பிஸ் எல்லார் முன்னாலும் தேம்பி அழுதான். பிறகு, வந்தால் சோறு போட வேண்டுமே என்று இத்தனை வருடமும் கேட்காமலே இருந்ததைக் கேட்டான்.

"சித்தப்பா, எப்ப ஊருக்கு வர்றீங்க?"

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"கலிரோயி அழுதேன்னு சொன்னாளே, நெசமாவா?"

"நெசந்தான். இன்னும் அழுறாங்க."

"அப்ப வரேன்," என்றார் லாம்ப்ரோஸ். "வர்ற வரைக்கும் யாரும் கண்ணைத் துடைச்சுக்க வேணாம்னு சொல்லு."