திங்கட்கிழமை மாத்திரை

இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அசரவில்லை. நீர் மாத்திரை என்று ஒன்றைச் சொன்னபோதுதான் ஆடிப்போனேன். "உடம்புல தேங்குற தண்ணியை இது வெளியேத்திடும். காலையில போட்டா ரெண்டு மூணு மணி நேரம் அடிக்கடி பாத்ரூம் போகணும்" என்றார். நான் முடி திருத்தும் கடைக்காரன். கடையில் கழிவறை கிடையாது, தெருக்கோடிக்குத்தான் ஓட வேண்டும். பாதி முகம் மழித்த ஆளை நுரையோடு விட்டுவிட்டு நான் ஓடினால், மீதிப் பாதிக்கு அவர் வேறு கடை பார்த்துக்கொள்வார்.

அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வேலை நாட்களில் அந்த மாத்திரையை மட்டும் கடைக்குக் கொண்டுபோய், வெட்டிய முடியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவேன். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. விட்டுப்போனதற்கெல்லாம் சேர்த்து அன்று மூன்றாகப் போட்டுக்கொள்வேன். தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். அப்படியும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் சமையலில் அதைக் குறைத்துவிட்டாள். அவர்கள் சொன்னபடியே தினமும் காலையில் என்னை எடை மெஷினில் ஏற்றி, எண்ணை ஒரு நோட்டில் எழுதுவாள். எடை ஏறியிருந்தால் அன்றைக்கு முழுக்க முகம் வாடியே இருக்கும்.

நான்காவது மாதம் கால் வீங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "மாத்திரை போதலை. ரெண்டு மடங்கா ஆக்கிப் பாப்போம். அதுக்கும் கேக்கலைன்னா கடையை மூடிட்டு இங்க வந்து படுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருந்துக் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, என்னோடு வந்திருந்த மனைவியிடம் எடை நோட்டைக் கேட்டாள். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள்.

"ஐயா, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எடை சடார்னு குறையுது. அப்புறம் மறுபடி கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. திங்கட்கிழமை உங்களுக்கு வேலை லீவா?"

திருதிருவென்று முழித்தேன். பிறகு ஒன்றுவிடாமல் கக்கிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "இந்தப் புது அளவுல மூணை ஒண்ணாப் போட்டிருந்தா, பிரஷர் இறங்கி விழுந்திருப்பீங்க" என்றாள். "மதியம் கடையை மூடுவீங்களா?"

"ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் மூடிருவேன்மா."

உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். பழைய அளவே போதும், ஆனால் தினமும் ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு, வீட்டில். "ஒருநாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் சேத்துப் போடாதீங்க. எனக்குப் போன் பண்ணுங்க." நாலு மாதமாக நான் மென்று விழுங்கிய சங்கதி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் இருக்கிறது கச்சேரி என்று நினைத்தபடி மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ என் சமையல்ல இருந்த உப்பு காரணம் இல்லையாம்மா?"

எடை ஏறிய ஒவ்வொரு நாளும் தன் கைதான் என்னைக் கொல்கிறது என்று நினைத்திருக்கிறாள். எனக்குக் குறைத்த உப்பைத் தனக்கும் சேர்த்தே குறைத்துக்கொண்டாள். நானோ தட்டைத் தள்ளிவிட்டு, சப்பென்று இருக்கிறது என்று சலித்துக்கொண்டவன்.

"இல்லம்மா. நீங்க எழுதுன நோட்டுதான் இவரைக் காப்பாத்துச்சு" என்றாள் அந்தப் பெண்.

அங்கேயே, வரிசையில் நின்றவர்கள் பார்க்க, என் மனைவி அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, இவள் எனக்கு வாய்த்தாளே என்று நெஞ்சு நிறைந்தது.

இப்போது கால் வீக்கம் வடிந்துவிட்டது. படி ஏறுகிறேன். இரண்டு மணிக்கு அவள் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறேன்.

"அது இருக்கட்டும், முதல்ல விழுங்குங்க" என்கிறாள். வாயைத் திறந்து காட்டும்வரை நகர்வதில்லை.