வாசலில் மெத்தோடி

கேட்டில் ஒட்டியிருந்த புருஷனைக் கிழித்தெடுக்க, சுடுதண்ணீரும் கத்தியுமாக வெளியே வந்தாள் பென்கா.

எங்கள் ஊரில் செத்தவர்களைக் கேட்டில் ஒட்டிவைப்போம். படம், பெயர், வயது, கீழே 'துயரத்தில் வாடும் மனைவி' என்று ஒரு வரி. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று புதுத் தாள் ஒட்டிக்கொண்டே இருப்போம். உயிரோடிருந்தபோது எந்தப் போட்டோவுக்கும் ஒழுங்காக நிற்காத மெத்தோடி, போன திராட்சை அறுப்பிலிருந்து போகிற வருகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார்.

பயத்தைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து வீட்டு லாசர். சர்ச்சுத் தெருவில் தனியாக இருந்த ஒருத்தியைக் கட்டிப்போட்டுவிட்டு, டிவியிலிருந்து ஊறுகாய் ஜாடி வரை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

"திருடனுக்கு வேற துப்பு எதுக்கு பென்கா? ஆம்பளை போயிட்டான், உள்ள பொம்பளை தனியா இருக்கான்னு நீயே போட்டோவோட ஒட்டிவெச்சிருக்க."

"கேமரா இருக்கேண்ணே."

"கேமரா எறங்கிவந்து கடப்பாரையப் புடுங்குமா?"

கேமராவை மாட்டியது ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகள் ரலிட்சா. போனில் வாசல் தெரியும். போனில் பேசினால் வாசலில் கேட்கும், வாசலில் பேசினால் போனில் கேட்கும். ஒரே குறை, எங்கள் ஊர் இணையம் ஆடி அசைந்துதான் வரும். பூனை கேட்டுக்குள் நுழைந்து, அடுக்களைக்கு வந்து மீனை முகர்ந்த பிறகுதான் போனில் கேட்டைத் தாண்டும். முன்பெல்லாம் பென்கா அதைப் பார்த்துச் சிரிப்பாள். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் பட்டப்பகலில் வந்து, மெத்தோடியின் தாளை விரல் வைத்துப் படித்துவிட்டுப் போகிறான். மறுநாளும் வருகிறான். ரலிட்சாவும் அதை அங்கிருந்தே பார்த்திருந்தாள்.

"கிழிச்சிடும்மா. அப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

பென்கா அழுதுகொண்டேதான் கிழித்தாள். நான்கு மூலையிலும் காய்ந்த பசை மட்டும் மிஞ்சியது. ஈரத் தாளை மடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தெருவைப் பார்த்தாள். எதிர் வரிசையில் ஒரு கேட்டிலும் தாள் இல்லை. அந்த வீடுகளில் கடைசியாகச் செத்தவர்களுக்கு ஒட்ட ஆளில்லை. எங்கள் ஊரில் கேட் வெறுமையாக இருந்தால் வீடும் வெறுமை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தன் வீட்டையும் அவளே அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தாள். நாளைக்கே புதுத் தாள் அடித்து ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தபடி உள்ளே போனாள்.

கையில் ஒட்டிய பசையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. திரையில் தோல் ஜாக்கெட்காரன். வெறும் கேட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். தெருவின் இரு பக்கமும் பார்த்தான். கொண்டியில் கை வைத்தான்.

வீட்டில் ஆள் இருப்பது தெரியவேண்டும், ஒருத்தி மட்டும் இருப்பது தெரியக்கூடாது. பென்கா போனை வாயருகே கொண்டுபோனாள். ஒரு வருஷமாகக் கூப்பிடாத பெயரை, வீட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள்.

"மெத்தோடி, வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாரு."

அவள் குரல் அங்கே போய்ச் சேரும்வரை காத்திருந்தாள். திரையில் அவன் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தான். அவசரமே இல்லாத குரல்.

"மெத்தோடி செத்துட்டாரும்மா. நான்தான் தெனம் படிச்சேனே."

வீட்டுக் கதவைத் தாழிட்டோமா என்று அவளுக்கு நினைவில்லை. திரையில் அவன் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நின்றான், கொண்டியின் மேல் கை, தள்ளவில்லை. முற்றத்துச் சரளைக்கற்கள் நொறுங்கும் சத்தம் அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்டது.