மூன்றாவது விசில்

இட்வால் எஞ்சினிலிருந்து தலையை நீட்டி, என் பச்சைக் கொடிக்காகக் காத்திருந்தான். ரயிலுக்கு நான்தான் கார்டு; கார்டு கொடி காட்டாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. நாற்பது வருடக் குடித்தனத்தில் அவன் என் பேச்சைக் கேட்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, சமையலறையில் கெட்டிலைப் பிடித்து நின்றபடியே நினைவு தப்பினான். கீழே விழவில்லை. கண் திறந்திருந்தது, ஆள் அதில் இல்லை. கூப்பிட்டேன், உலுக்கினேன். கெட்டில் சாய்ந்து தரையெல்லாம் தண்ணீரான பிறகுதான் திரும்பி வந்தான். என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வெளியே சொன்னால் எஞ்சின் பக்கமே விடமாட்டார்கள்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் ஓட்டிக்கிறேன் மென்னா. மறுநாள் நானே போய்ச் சொல்லிடறேன்."

கெஞ்சிப் பழக்கமில்லாதவன் கெஞ்சினால் என்ன செய்வது?

மலைமேல் புதர் மண்டிக் கிடந்த இந்தப் பாதையைச் சம்பளமில்லாத கிழங்கள் நாங்கள்தான் மீட்டோம். முள் வெட்டி, ஜல்லி கொட்டி, வேல்ஸ் மழையில் நனைந்து தண்டவாளம் போட்டோம். இட்வாலுக்கு இரண்டு விரல் நகம் இங்கேதான் போனது. இன்று, ஞாயிற்றுக்கிழமை, முதல் வண்டி. பெட்டி நிறைய ஜனம், ஆற்றங்கரை வரை செங்குத்து இறக்கம். கூடவே கரி அள்ளிப்போடும் கெத்தினுக்கும் ஓட்டத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடியை ஆட்டிவிட்டேன்.

வண்டி நகர்ந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. கடைசிப் பெட்டியில் பிரேக் பிடியை விடாமல் நின்றேன். பண்ணைப் பாதை குறுக்கிடும் இடங்களில் டிரைவர் விசில் ஊத வேண்டும். இட்வால் நீளமாக இழுத்து, முடிவில் சின்னதாக ஒரு வால் வைப்பான். முதல் விசில் வாலோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. பக்கத்துப் பெட்டியில் யாரோ ஆடுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அடுத்த விசிலுக்குக் காது கொடுத்து நின்றேன்.

மூன்றாவது விசில் மொட்டையாக நின்றது. அது அவன் கை இல்லை.

பிடியை முழுக்க இழுத்தேன். சக்கரங்கள் அலற, வண்டி முக்கி முனகி நின்றது. பிடியை விட்டு இறங்க முடியாது; தலையை நீட்டி முன்னால் பார்த்தேன். ஏன் நிறுத்தினாய் என்று ஸ்டேஷனிலிருந்து வாக்கி-டாக்கியில் கேட்டார்கள்.

முன்னால் ஓர் ஆள் இறங்கியது தெரிந்தது. இட்வால்தான். பயணிகளுக்குக் கையசைத்தபடி, நல்ல நடையாகவே வந்தான்.

"கெத்தின் ஆசப்பட்டான், ஊதக் குடுத்தேன். அதுக்கா நிறுத்துன?"

பிடியை இறுக்கி வெளுத்துப்போயிருந்த என் விரல்களைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஒவ்வொரு விசிலையும் எண்ணிக்கிட்டா வந்த?"

தலையசைத்தேன்.

அவன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தான்.

"மிச்சத்தக் கெத்தின் ஓட்டட்டும்," என்றான்.

வாக்கி-டாக்கி மறுபடியும் காரணம் கேட்டது. இட்வால் படியைப் பிடித்து ஏறி, என் ஸ்டூலில் உட்கார்ந்து, பயணியைப் போல ஜன்னல் வழியே வெளியே பார்க்க ஆரம்பித்தான்.