மூன்றாம் மாடிக்காரர் இறங்குகிறார்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது, அதில் என் வீட்டுக்காரரை அவருடைய வேட்டியாலேயே நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம், முன்னால் ஆட்டோ முத்திருளன், பின்னால் அவனோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற இன்னொருத்தன், வாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன மனுசன் இடது கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார், கைய விடுங்கய்யா, நாங்க பிடிச்சிருக்கோம்ல என்கிறான் முத்திருளன், விடுவாரா, கரண்டு கம்பத்தில் ஏறி வேலை பார்த்த கை, ஒருதரம் பிடித்தால் பிடித்ததுதான், நான் ஆஸ்பத்திரிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேல்படியில் நிற்கிறேன், என் முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறிக்கிறது, அட கடவுளே, ஒரு மனுசனை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோக இத்தனை பாடா.

இந்தப் படியில்தான் ஒருகாலத்தில் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு விசிலடித்தபடி ஏறி வந்தார், வருகிறார், மூச்சுகூட வாங்காமல் எங்கடி சோறு என்கிறார், வீடுகளுக்குக் குலுக்கல் போட்ட அன்றைக்கு எங்களுக்கு விழுந்தது என்னவோ கீழ்வீடுதான், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரிக்கிறேன், அதற்குள் எங்களோடு குலுக்கலுக்கு வந்திருந்த ஞானசிகாமணி வந்து இவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், அண்ணே, எங்கம்மாவால படி ஏற முடியாதுண்ணே, எனக்கு மூணாவது மாடி விழுந்துருச்சு, நீங்க மாத்திக் குடுத்தா உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இவர் என்னைக் கேட்டாரா, கேட்கவில்லை, அதுக்கென்ன தம்பி, மேல நல்லாக் காத்து வரும், நான் ஏறிக்கிறேன் என்று சீட்டை நீட்டிவிட்டார், காற்று வரத்தான் செய்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் காற்றா வந்து இவரைத் தூக்கிக் கீழே இறக்கும், அந்த அம்மா நிம்மதியாகக் கீழ்வீட்டிலேயே இருந்து கண்ணை மூடினார், மகன் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஆனார், இப்போது லிஃப்ட் என்று வாயெடுத்தால் போதும், கீழ்வீட்டுக்காரங்களுக்கு லிஃப்ட் எதுக்கும்மா, அதோட ஈசானிய மூலையில பாரம் ஏத்தக் கூடாது, வாஸ்து இடிக்கும் என்கிறார், நல்லா இருக்கு நியாயம், ஏறவிட்டு ஏணியை வாங்கின கதை.

பெங்களூரில் இருக்கிற மகள் போனில் கத்துகிறாள், எல்லாமே வீட்டுக்கு வருதேம்மா, ஒரு பட்டன் அமுக்கினாப் போதும், அமுக்கினேன் தாயே, உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பையன் வந்தான், மூன்று மாடி ஏறி வந்து சோபாவில் சாய்ந்து தண்ணீர் கேட்டான், குடித்தான், போனான், போனவன் போனவன்தான், சரி, முதியோர் இல்லமாவது பார்ப்போம் என்று நத்தம் ரோட்டுப் பக்கம் போனால், தோட்டம், கோயில், ஊஞ்சல், லிஃப்ட் எல்லாம் சுற்றிக் காட்டிய பெண் கடைசியில் கேட்கிறாள், சார் அவங்களா நடந்து பாத்ரூம் போய்ட்டு வருவாங்கள்ல, நடக்க முடிஞ்சா நான் எதுக்கும்மா இங்க வர்றேன் என்றேன், அப்படின்னா எடுக்கிறதில்லைங்கம்மா, ரூல்ஸ் என்றாள், நடக்கிறவனுக்கு லிஃப்ட் வைத்த கட்டடம், நடக்காதவனுக்கு மொட்டைப் படிக்கட்டு, எந்தப் புண்ணியவான் யோசித்துக் கட்டுகிறானோ.

இரண்டாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு மெஹருன்னிசா அக்கா எட்டிப் பார்க்கிறார், தனிக்கட்டை, இடுப்பு எலும்பு முறிந்து தேறிய பிறகு வாசலைத் தாண்டியதில்லை, பாத்து, பாத்து, சுவத்துல தலை இடிச்சிரப் போகுது என்கிறார், அவர் பேச்சுக்குத் தலையாட்ட நினைத்தாரோ என்னவோ, இவர் கை கம்பியை விட்டது, அதுதான் சாக்கென்று கடகடவென இறக்கிவிட்டார்கள். வெளியே வெயில், நாற்காலியில் கட்டிய ஆள், தலை ஒருபக்கம் தொங்குகிறது, பின்னால் தலைமுடி கலைந்து கண் சிவந்து நான், எதிர்க் கடைச் சடையாண்டி எங்களைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார், ஞானசிகாமணியின் மனைவி வீட்டுக் கதவைப் பட்டென்று சாத்துகிறாள், அவரோ தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, எப்பம்மா தவறுனாரு, ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா என்கிறார். இருக்கேன்யா, என்று நாற்காலியிலிருந்து குழறலாக ஒரு குரல், இருக்கேன், இருக்கேன். ஞானசிகாமணி துண்டை அவிழ்க்கத் தெரியாமல் நின்றார், ரொம்ப நாளா ஆளைக் காணமா, அதான்மா, தப்பா எடுத்துக்காதீங்க என்றார், காணமா, உங்க தலைக்கு மேலதானய்யா இருக்கோம் என்று சொல்லி நடுத்தெருவில் அழுதேன், வெட்கமாவது மண்ணாவது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இவர் காலை அழுத்திப் பார்த்தார், இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் தொடங்கியிருக்கிறது என்றார், தினமும் வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வைங்கம்மா, பிடிச்சுக்கிட்டு நடக்க விடுங்க, இப்படியே படுத்துக்கிடந்தா ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்று மெதுவாகத்தான் சொன்னார், தினமும், எவ்வளவு லேசாகச் சொல்கிறார், ஆட்டோவில் திரும்பும்போது இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார், டீக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு கல்யாணப் பந்தல், எல்லாவற்றையும் முதல்தரம் பார்க்கிறமாதிரி, மேல வேணாம்டி என்றார், வாய் கோணி வந்தாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வாசலில் இறக்கி, முத்திருளன் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு தூக்க வந்தபோது, இருப்பா, தூக்காத என்றேன். படிக்கட்டுக்கு அடியில் சங்கத்து அறை, வருசத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும், மற்ற நாளெல்லாம் பொங்கல் போட்டிக் கயிறும் பழைய மைக் செட்டும் அங்கே சுகமாகத் தூங்கும், பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான், திறந்தேன், ஜன்னல் இருக்கிறது, கக்கூஸ்கூட இருக்கிறது, உள்ள கொண்டு வாப்பா, அப்படியே மேல போய்க் கட்டிலைக் கழட்டிக் கொண்டாந்துரு. ஞானசிகாமணி ஓடிவந்தார், என்னம்மா இது அநியாயம், இது சங்கத்துப் பொது இடம், பொது இடம்னா எனக்கும் பங்கு இருக்குல்ல என்றேன், கூட்டம் போட்டு எல்லாரும் ஒத்துக்கணும்மா, போடுங்க, இங்கேயே போடுங்க, இவரு படுத்துக்கிட்டே கை தூக்குவாரு, உங்கம்மாவுக்காக வீட்டைக் குடுத்தப்ப எந்தக் கூட்டத்துலய்யா ஒத்துக்கிட்டீங்க. அவர் வாசலை மறித்தமாதிரி நின்றுகொண்டே இருந்தார், நானும் நின்றேன், போலீசைக் கூப்பிட்டாலும் சரி, தூக்கி வெளியே போட்டாலும் சரி, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன.

அப்போது மேலே இரண்டாம் மாடியிலிருந்து மெஹருன்னிசா அக்கா குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது, ஏம்மா, அங்க இன்னொரு கட்டில் போட எடம் இருக்கா. ஞானசிகாமணி மேலே அண்ணாந்து பார்த்தார். நான் மைக் செட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். இருக்குக்கா, ஆளை அனுப்புறேன் என்றேன்.