வானொலியில் பேசிய ரேமண்ட்

லாயிட் பிரெங்கெலுக்கு ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பெற்றவர்கள் வைத்தது. இன்னொன்றை அவனே வைத்துக்கொண்டான். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம், தான் வேலை பார்க்கும் டிராக்டர் உதிரிபாகக் கடையின் பின்னறையில் நின்று, நேயர்கள் போனில் பேசும் வானொலி விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போட்டான். அங்கிருந்தவன் "பேர் என்ன, எந்தப் பக்கம்?" என்று கேட்டதும் "ரேமண்ட், சீடர் வளைவு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சீடர் வளைவில் ஒரு மாட்டுப் பண்ணையும் பூட்டிக் கிடக்கும் ஒரு தேவாலயமும்தான் உண்டு. ரேமண்ட் என்று ஒருவனும் கிடையாது.

பொய்ப் பெயருக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் ஐயோவாவின் அந்த மூலையில் மழை, சோளம், தேர்தல் எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. ஹால்வர் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக்கை மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான்; ஜெயித்தால் தோளில் தூக்குவார்கள், தோற்றால் வாயில் போட்டு மெல்லுவார்கள். நான்காம் ஆண்டு மாணவன் கோடி விட்மோர் மூன்று வருஷம் நன்றாக ஆடியவன். இந்த வருஷம் அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. நான்கே ஆட்டத்தில் ஒன்பது முறை பந்தை எதிரணிக்காரனுக்கே எறிந்தான். டெக்சாஸிலிருந்து வந்த முதலாம் ஆண்டுப் பையன் டெரியன் பேட்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

டார்லீன் நடத்தும் உணவகத்தில், ஜன்னலோர மேசையில், இந்த வழக்கு தினமும் மதியம் விசாரணைக்கு வரும்.

"நாலு வருஷமா ஆடுறான், நம்ம சட்டை எது, எதிராளி சட்டை எதுன்னு இன்னும் தெரியல. அந்தச் சின்னப் பையன எறக்கிப் பாக்க வேண்டியதுதானே," என்பார் கஸ் நீல்சன். ஓய்வுபெற்ற தபால்காரர், ஊரில் எல்லார் வீட்டு விஷயத்திலும் அவருக்குக் கருத்து உண்டு.

"பதினெட்டு வயசுப்பா. எதிர்ல வர்றவன் ஒவ்வொருத்தனும் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கான். பையன ஒடச்சு பார்சல்ல அனுப்பிடுவானுங்க," என்பாள் டார்லீன் காபி ஊற்றிக்கொண்டே.

"புடிச்சாத்தானே ஒடைக்க. அவன் ஓடுறதப் பாத்தியா?"

"போன வருஷம் கோடி கடைசி நிமிஷத்துல ஜெயிச்சுக் குடுத்தப்ப இதே மேசையில ஒக்காந்து அழுதீங்க. என் நாப்கின்லதான் மூக்கு சிந்தினீங்க."

"அது போன வருஷத்துச் சோளம், டார்லீன். அத இந்த வருஷம் விக்க முடியுமா?"

அப்போது கதவு மணி அடிக்கும். கோடியின் அப்பா ஆர்லன் விட்மோர், தொப்பியில் தூசியோடு உள்ளே வருவான். கஸ் உடனே நாற்காலியை நகர்த்திப் போட்டு, "ஒரே ஒரு நல்ல ஆட்டம் போதும் ஆர்லன். பையன் பழையபடி வந்துருவான்," என்பார். முகத்தில் ஒரு கூச்சமும் இருக்காது. எல்லாரும் அப்படித்தான். லாயிட்தான் எல்லாரையும்விட உரக்க, "கோடிய மாத்தணும்ங்கிறவனுக்கு ஆட்டம்னா என்னன்னே தெரியாது," என்பான்.

ஆர்லனும் லாயிட்டும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஆர்லனின் மனைவி அரிசோனாவுக்குப் போய் எட்டு வருஷமாகிறது. வீட்டில் அப்பனும் மகனும் மட்டும். கோடி லாயிட்டை அங்கிள் என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அப்படிப்பட்டவனைப் பெஞ்சில் உட்கார வை என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் லாயிட் மனதில் பட்டது அதுதான். நாலாவது தோல்விக்கு அப்புறம் அது நெஞ்செரிச்சல் போல ஏறி நின்றது. அதனால்தான் ரேமண்ட் பிறந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிறவனுக்கு ஊரில் பஞ்சமில்லை, இன்னும் ஒருவன் என்று போயிருக்கும். ஆனால் ரேமண்டுக்குப் பேர் கிடைத்துவிட்டது. அடுத்த வியாழன் நிகழ்ச்சிக்காரனே "சீடர் வளைவு ரேமண்ட் லைன்ல இருக்காரா?" என்று கேட்டான். "ரேமண்ட் சொன்னது சரிதான்" என்று முகம் தெரியாத ஆட்கள் போன் போட்டுச் சொன்னார்கள். முப்பது வருஷமாக வடிகட்டியும் பெல்ட்டும் எடுத்துக்கொடுக்கிறவன் லாயிட். அவன் சொன்னதை இதுவரை ஒருவரும் திருப்பிச் சொன்னதில்லை. பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே நின்று அதைக் கேட்டபோது அவனுக்கு இனித்தது. அந்த இனிப்புதான் அவனைக் கெடுத்தது.

அக்டோபர் முதல் வாரம் ஆர்லனின் அறுவடை இயந்திரம் பாதி வயலில் நின்றுபோனது. லாயிட் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தான். வேலை முடிந்து இருவரும் இயந்திரத்தின் மேலே, ஓட்டுகிறவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"கோடி ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் வாந்தி எடுக்கறான்டா. கழிவறையப் பூட்டிக்கிட்டு. தூங்கறதும் இல்ல."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. என்கிட்ட மட்டும்தான் சொன்னான். மனசு தாங்கல, அதான் உன்கிட்ட சொல்றேன்."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்," என்றான் லாயிட். சொன்னபோது அது உண்மைதான். அடுத்த வியாழன்வரை உண்மையாகவே இருந்தது.

வியாழன் மதியம் நிகழ்ச்சிக்காரன் கேட்டான்: "ரேமண்ட், கோடிக்கு என்னதான் ஆச்சுங்கறீங்க?" லாயிட்டிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையைப் பற்றியும் காலைப் பற்றியும் போன வாரமே சொல்லித் தீர்த்தாகிவிட்டது. வானொலியில் மூன்று நொடி மௌனம் என்பது பெரிய மௌனம். இந்த ஆளிடமும் சரக்கு தீர்ந்துபோச்சு என்று அவன் நினைத்துவிடுவானோ என்று லாயிட்டுக்குப் பதறியது.

"பயம்ங்க," என்றான். "ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் வாந்தி எடுக்கறான். நம்பகமான எடத்துலேர்ந்து எனக்குத் தெரியும்."

போனை வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. யார் கேட்டிருக்கப் போகிறார்கள், வேலை நேரம்தானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்குத் தவறான பெல்ட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினான்.

சனிக்கிழமை ஆட்டம் வெளியூரில். ஆர்லன் நேரில் பார்க்கப் போயிருந்தான்; மற்றவர்கள் டார்லீன் கடை டிவி முன்னால். கோடி மைதானத்துக்குள் வந்ததும் எதிரணி மாணவர் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. ஒவ்வொருவன் கையிலும் ஒரு பிளாஸ்டிக் வாளி. அத்தனை பேரும் வாளிக்குள் தலையை விட்டு ஓங்கரித்தார்கள். கோடி பந்தைத் தொடும்போதெல்லாம் அதே சத்தம். கஸ் முதலில் சிரித்தார். பிறகு கேமரா கோடியின் முகத்தைக் காட்டியது. யாரும் சிரிக்கவில்லை. டார்லீன் டிவியின் சத்தத்தை அடக்கினாள்.

இடைவேளைக்குப் பிறகு கோச் கோடியை உட்கார வைத்து டெரியனை இறக்கினார். பையன் மூன்று முறை பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டவைத்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது: இனிமேல் டெரியன்தான்.

அந்த வியாழன் உதிரிபாகக் கடைக்கு வந்த ஆர்லன் உள்ளே வரவில்லை. வெளியே வண்டியிலிருந்தபடியே ஹாரன் அடித்து லாயிட்டைக் கூப்பிட்டான். லாயிட் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"கோடி போன எடுக்க மாட்டேங்கறான். 'உன்கிட்ட மட்டும்தான்பா சொன்னேன், நீயே ஊர் பூரா பரப்பிட்டியே'ன்னு சொல்லிட்டு வச்சவன்தான்."

லாயிட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லாயிட். நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

ஆர்லன் கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாக, பதிலுக்கு இடம் விட்டுத்தான் கேட்டான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான்டா என்று ஒரு வார்த்தை போதும்.

"நான் யார்கிட்ட சொல்லுவேன்? டீம்லயே எவனாவது பாத்திருப்பான்," என்றான் லாயிட்.

ஆர்லன் அவனை ஒரு கணம் பார்த்தான். "சரி," என்றான். "எறங்கிக்க. எனக்கு வேலை கெடக்கு."

அணி அடுத்தடுத்து ஜெயித்தது. "சீடர் வளைவு ரேமண்ட் எங்கே, வந்து மாலையை வாங்கிக்கங்க" என்று நிகழ்ச்சிக்காரன் ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டான். "அந்த ஆளு தீர்க்கதரிசி. ஒரு செல வைக்கணும்," என்றார் கஸ். டார்லீன் மட்டும் காபியை டக்கென்று மேசையில் வைத்துவிட்டு, "செல வச்சா அது மேல நான் முட்டை எறிவேன்," என்றாள். லாயிட் தலையாட்டினான். யாருக்குத் தலையாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. போன் பக்கம் அவன் போகவில்லை. ஆனால் மாலை, சிலை என்ற பேச்சு காதில் விழுந்தபோது உள்ளே எங்கோ ஒரு மூலையில் இன்னமும் இனித்தது. அதை நினைத்து அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

அந்த வாளி ஆட்டத்துக்குப் பிறகு மூன்றாவது சனிக்கிழமை உள்ளூரில் ஆட்டம். கோடி தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றான். டெரியன் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் கோடிதான் முதல் ஆளாகப் போய் அவன் காதில் ஏதோ சொல்லிக்கொடுத்தான். முடிந்ததும், ஆட்டக்காரர்கள் குடும்பத்தைப் பார்க்க வெளியே வரும் கதவருகே ஆர்லன் நின்றான். கையில் வெள்ளித்தாள் சுற்றிய பொட்டலம். வீட்டில் சுட்ட விலா எலும்பு. கோடி வந்தான், அப்பாவைப் பார்த்தான், திரும்பி அடுத்த கதவு வழியாகப் போய்விட்டான். ஆர்லன் கார் நிறுத்துமிடம் காலியாகும்வரை நின்றான். பிறகு பொட்டலத்தைக் காவலாளியிடம் நீட்டி, "சூடு இருக்கு, நீங்க சாப்டுங்க," என்றான். நாலு வரிசை தள்ளித் தன் காருக்குப் பின்னால் நின்று லாயிட் இதை முழுக்கப் பார்த்தான். ஒளிந்து நின்றுதான் பார்த்தான்.

ஞாயிறு மதியம், கல்லூரிக்குப் பக்கத்தில் கோடி தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு லாயிட் போனான். பையன் துவைத்த துணிக் கூடையோடு வாசற்படியேறிக்கொண்டிருந்தான்.

"லாயிட் அங்கிள். முட்டிவலி எப்படி இருக்கு? உள்ள வாங்க."

அந்த மரியாதை லாயிட்டைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. "உள்ள வேணாம்," என்றான். "ரேமண்ட் நான்தான், கோடி. உங்கப்பா என் ஒருத்தன்கிட்டதான் சொன்னான். மனசு தாங்காம சொன்னான். ரேடியோவுல சொன்னது நான். பெரிய மனுஷன் ஆகலாம்னு சொன்னேன். வேற காரணமே இல்ல."

கோடி கூடையைக் கீழே வைத்தான். கத்துவான், அடிப்பான் என்று லாயிட் எதிர்பார்த்தான்; அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையன் போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தினான். ஆர்லன் போனில் பேசினால் பக்கத்து வயலுக்கே கேட்கும். லாயிட்டுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"கோடியா?"

"அப்பா. லாயிட் அங்கிள் இங்க இருக்கார். அவர்தான் ரேமண்டாம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அம்பது வருஷமாக் கேக்குற கொரல்டா. ரேடியோவுல பேர மாத்தினாப் போச்சா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல? நான் உன்ன என்னென்ன பேசினேன்."

"நீ பேசினது தப்பில்ல. மொதல்ல வாய விட்டது நான்தானே. அவனா வந்து சொல்லுவான்னு இருந்தேன். வண்டியில ஒக்கார வச்சு நேராவே கேட்டேன். சொல்லல."

லாயிட்டுக்கு இப்போதுதான் புரிந்தது. தெரிந்துதான் கேட்டிருக்கிறான். தெரிந்தேதான் மூன்று வாரம் மகனின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு கதவருகே நின்றிருக்கிறான். தான் ஒரு வார்த்தை சொல்வதற்காக.

கோடி போனை நீட்டினான். "அங்கிள், அப்பாகிட்ட பேசுங்க."

லாயிட் கையை நீட்டினான். அதற்குள் போனிலிருந்து ஆர்லனின் குரல் வந்தது.

"வேணாம். அவன்கிட்ட குடுக்காத. நீ பேசு கோடி. உன் கொரலக் கேட்டு மூணு வாரமாச்சு."

கோடி போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தான். லாயிட் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு தன் வண்டிக்கு நடந்தான். யாரும் அவனை நில் என்று சொல்லவில்லை.