கழற்றாத தொப்பி

"படம் பிரமாதம் டீச்சர். அந்தத் துண்டை மட்டும் தோள்லேருந்து எறக்கிடுங்கோ" என்றார் சீதாராமன்.

செல்லக்கிளி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். படத்தில் அவளுடைய அப்பா சின்னான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தோளில் வெள்ளைத் துண்டு.

"நாற்காலியையும் எடுத்துட்டு, தரையில உட்கார வச்சுட்டா இன்னும் இயல்பா இருக்கும்."

"எங்க அய்யா தரையில உக்காந்தாத்தான் இயல்பா சார்?"

சீதாராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மதுரையில் ஓவிய ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாருக்கும் கோபம் வராத கலையை இத்தனை வருடமாக வளர்த்து வந்தவர், அவ்வளவுதான். கோபுரம் வரையலாம், தெப்பக்குளம் வரையலாம், வண்டிமாட்டைக்கூட வரையலாம். வண்டி ஓட்டுகிறவன் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாது.

"நாளைக்குக் கண்காட்சியைத் திறந்து வைக்க வர்றது யாருன்னு தெரியுமோல்லியோ?" என்றார். "எழுமலை முதலாளி. இந்த மண்டபமே அவர் குடுத்தது. உங்கப்பா அவர் தோட்டத்துலதானே வேலை பார்க்கறார்? உங்களுக்குக் கோரிப்பாளையத்துல பள்ளிக்கூட உத்தியோகம் இருக்கு, வீடு இருக்கு. உங்கப்பா அந்த ஊர்லயே இருந்தாகணும். யோசிச்சுப் பாருங்கோ."

மற்றதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அப்பா அந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்றது மட்டும் நெஞ்சில் தைத்தது.

எதிர்ச்சுவரில் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சுப்படங்கள் தொங்கின. சென்னையில் ஒரு நூலகம் அனுப்பி வைத்தவை. யூதர்கள் வரைந்ததும் யூதர்களை வரைந்ததுமாக, அந்தத் தேசத்து ஓவியங்கள். அவற்றைப் பார்த்து உள்ளூர் ஓவிய ஆசிரியர்கள் ஆளுக்கொரு உருவப்படம் வரைந்து எதிரே மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. செல்லக்கிளியின் கண் முதலில் விழுந்தது ஒரு வியாபாரியின் படத்தில். இருநூறு வருடத்துக்கு முந்திய துறைமுகப் பட்டணத்து யூதர். நீலக் கோட்டு, கால்மேல் கால், நாற்காலியில் அழுந்தச் சாய்ந்த முதுகு. அந்தக் காலத்தில் அங்கே பல இடங்களில் யூதர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, பதவி கிடையாது என்று கூட வந்த குறிப்பில் போட்டிருந்தது. ஆனாலும் நான் உட்காருவேன், நீ வரை என்று சொல்லுகிற முகம். அந்த முகத்தைப் பார்த்த அன்றே அவள் தன் அப்பாவை வரைவதென்று தீர்மானித்துவிட்டாள்.

மடக்கு நாற்காலி ஒன்றை பஸ்ஸின் மேலே போட்டு எழுமலைக்குக் கொண்டுபோனாள். சின்னான் அதில் உட்கார்ந்த லட்சணத்தை என்னவென்று சொல்வது! யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக, நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். துண்டு கக்கத்தில். "சாஞ்சு உக்காருங்கய்யா" என்று எத்தனை தடவை சொல்லியும் முதுகு நாற்காலியில் படவே இல்லை. முதலாளியின் தோட்டம் அடுத்த வயல்தான். ஊரில் அவர்கள் தெருக்காரர்கள் யாரும் முதலாளி கண்ணெதிரே தோளில் துண்டு போட்டதில்லை, நாற்காலியில் உட்கார்ந்ததும் இல்லை. ஆகவே முகத்தை மட்டும் நேரில் வரைந்துகொண்டு திரும்பினாள். முதுகையும் காலையும் யூத வியாபாரியிடமிருந்து எடுத்துக்கொண்டாள். துண்டைத் தன் ஆசையிலிருந்து போட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திறப்பு விழா அன்று மதியம் சின்னான் மதுரைக்கு வந்து இறங்கினார். மகள் படம் மாட்டுகிறாள் என்று சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். மண்டபத்தில் அப்போது யாரும் இல்லை. நேரே படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வெகு நேரம் பார்த்தார். "இது ஆரு?"

"நீங்கதான்."

"நான் இப்புடி உக்காரலையே ஆத்தா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி வருவதையும் சொன்னாள். "நீங்க வேண்டாம்னா இப்பவே எறக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன். ஆனா ஒண்ணு. துண்ட அழிக்கச் சொன்னா மட்டும் அழிக்க மாட்டேன்."

சின்னான் திரும்பினார். எதிர்ச்சுவர்ப் பக்கம் போனார். வியாபாரியைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. ஒரு கிழவரின் படத்தின் முன்னால் நின்றார். சின்ன வீடு, மேசை, கண்ணாடித் தம்ளரில் டீ, மடியில் தைத்துக்கொண்டிருந்த துணி. தலையில் கறுப்புத் தொப்பி. பிழைப்புக்குக் கப்பலேறி நியூயார்க் போன தையல்காரர், அவரை வரைந்தது அவருடைய மகன்.

"வீட்டுக்குள்ள என்னத்துக்குத் தொப்பி?"

"அந்த ஊருல வீட்டுக்குள்ள வந்தா தொப்பியக் கழட்டணும் அய்யா. பெரிய மனுசனப் பாத்தாலும் கழட்டணும். அதுதான் மருவாதி. இவுக யூதருங்க. சாமிக்குப் பயந்து தலைய மூடியிருப்பாக. அதனால இவரு கழட்டல."

"கழட்டச் சொல்லி வையமாட்டாகளா?"

"வைவாக. கேலி பண்ணுவாக. சில ஓட்டல்ல இவுகள உள்ளயே விட மாட்டாக."

"அப்பவும் கழட்டல."

"கழட்டல. மகன் வரையும்போதும் கழட்டல."

சின்னான் தன் கக்கத்தைப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது தோளில் இருந்த துண்டு, மண்டப வாசலில் ஏறும்போது தானாகவே அங்கே போய்விட்டிருந்தது. அதை எடுத்தார், உதறினார், தோளில் போட்டார்.

"படம் இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. முதலாளி வந்தார், ரிப்பன் வெட்டினார். அமெரிக்கப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். நீலக் கோட்டு வியாபாரியின் முன்னால் நின்று, "ஆளு எம்புட்டுக் கம்பீரமா இருக்கான் பாருங்க!" என்று வாயாரப் புகழ்ந்தார். சீதாராமன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். கடல் கடந்த கம்பீரம் யார் மனத்தையும் புண்படுத்துவதில்லை அல்லவா?

பிறகு முதலாளி இந்தப் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றது.

"நம்ம சின்னான் மாதிரில்ல இருக்கு?"

"மாதிரி இல்ல, அவருதான்" என்றாள் செல்லக்கிளி. "நான் அவரு மக."

முதலாளி அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "செயலாளரே, இத எறக்குங்க."

"தொடாதீங்க சார்!" செல்லக்கிளி குறுக்கே போய் நின்றாள். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். "அந்த வியாபாரி உக்காந்தா கம்பீரம், எங்க அய்யா உக்காந்தா குத்தமா? ரெண்டு பேரு உக்காந்திருக்கறதும் ஒரே மாதிரிதான். நல்லாப் பாருங்க, அதப் பாத்துத்தான் இத வரைஞ்சேன்!"

ஊர்ப்பட்ட ஓவிய ஆசிரியர்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துத் தரையில் ஏதோ தெரிந்தது. சீதாராமன் அவளைச் சுற்றிக்கொண்டு போய், "மன்னிச்சுக்கோங்கோ டீச்சர்" என்று முனகியபடி படத்தைக் கழற்றினார். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

அப்போதுதான் பின்னாலிருந்து சின்னான் வந்தார்.

"வந்திருக்கியா?" என்றார் முதலாளி. "துண்டு எங்கடா கெடக்கு?"

சின்னானின் கை தோளுக்குப் போனது. ஆயுசு முழுக்கப் போன கை, சொல்லாமலே போகும். அவர் துண்டை எடுத்தார். முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஆணிக்கு நேர் கீழே போட்டார். துண்டால் அதை ஒரு தட்டுத் தட்டினார். மறுபடியும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"படத்தத்தான எறக்கிட்டீக மொதலாளி. ஆளு இங்கன இருக்கேன். வந்தவுக பாத்துட்டுப் போகட்டும்."

முதலாளியின் முகம் கறுத்துச் சிவந்தது. "நாளைக்குத் தோட்டத்துக்கு வரணும்ல நீ?"

"வாரேன்" என்றார் சின்னான். "துண்டோட வாரேன்."

முதலாளி நின்ற நிலையில் திரும்பி நடந்தார். சீதாராமன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பின்னால் ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் தவித்து, கடைசியில் படத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கூட்டத்தில் பாதி அவர்களோடு போனது. மீதிப் பாதி போகவில்லை.

நாளைக்கு அந்த ஊரில் என்ன நடக்கும் என்று செல்லக்கிளிக்குத் தெரியாதா? அப்பாவுக்கும்தான் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த நினைப்பில் அவளுக்குப் பயமும் பெருமையும் சேர்ந்தே வந்தன.

அப்பாவைப் பார்த்தாள். ஒரு காலை மடக்கி நாற்காலியின் மேலேயே வைத்திருந்தார். ஒரு கை முழங்காலில் கிடந்தது. சுவரோரம் சாய்ந்திருந்த படத்தில், வியாபாரியிடம் இரவல் வாங்கிய காலோடு வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இங்கே இருக்கிற மனிதர் எவனிடமும் எதையும் இரவல் வாங்கவில்லை. எதிர்ச்சுவரில் அந்தத் தையல்காரக் கிழவர் தொப்பியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்து, அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் செல்லக்கிளி.

"அசையாதீங்கய்யா."

"நான் எங்க போகப்போறேன்?" என்று சொல்லி, சின்னான் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார். "இந்தவாட்டி என்னையப் பாத்து வரை."