அக்கரை இடாப்பு

உலகத்தையே பாயில் படுக்கவைத்த ஆசியக் காய்ச்சலுக்கு முன்னால் மண்டியிடாமல் நின்ற கோட்டைகளில் ஒன்று, மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை. ஐம்பத்தேழாம் ஆண்டு ஆடி மழையில் தலைமை ஆசிரியர் தம்பிராசா எழுதத் தொடங்கிய கட்டுரையின் முதல் வாக்கியம் இது. பருத்தித்துறையில் இருந்த மைத்துனர் மூலம் அதைப் பத்திரிகைக்கு அனுப்பும் எண்ணமும் அவருக்கு இருந்தது. கோட்டைக்குக் கதவு கிடையாது. போன மழைக்கே யாரோ கழற்றிக்கொண்டு போய் அடுப்பில் வைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியருக்குக் கீழே வேறு ஆசிரியர் எவரும் இல்லை. அந்த ஆடியில் கோட்டைக்குள் பிள்ளைகளும் இல்லை.

பாடசாலையை மூடச் சொன்னவர் தோட்டத்தை நடத்திய பெரிய துரை. காய்ச்சல் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பரவும், கொழுந்து எடுப்பவர்களுக்குப் பரவாது என்பது அவருடைய கணிப்பாக இருக்க வேண்டும். ஏனென்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வழக்கம்போலத் தோளோடு தோள் உரசி நின்றார்கள், வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார்கள், மலைக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் மட்டும் குடியிருப்பு வரிசைகளான லயங்களை விட்டு வெளியே வரக்கூடாது. தம்பிராசா மாஸ்டருக்கு முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள், பிள்ளைகள் இல்லாத பாடசாலைக்கு ஒரு தலைமை ஆசிரியர் எதற்கு என்று துரைக்கும் தோன்றிவிடலாம் என்பது அவருக்குத் தோன்றியது.

பாடசாலை ஒரு சரிவில் இருந்தது. லயங்கள் எதிர்ச் சரிவில். நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் பலகைப் பாலம். சத்தம் போட்டால் அந்தப் பக்கம் கேட்கும். மாஸ்டர் தோட்டத்துக் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் பெரிய தகரப் புனலை இரவல் வாங்கி வந்தார். பின்னேரம், பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு லயம் திரும்பும் நேரத்தில், பாடசாலை வாசலில் இருந்த கல்லின்மேல் ஏறி, வரவு இடாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புனலை வாயில் வைத்தார்.

“பிள்ளையள், கவனம். உங்கட ஆசிரியன் உங்களைக் கைவிடமாட்டான். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் நான் பேர் கூப்பிடுவன். அவரவர் வாசலில நிண்டு பதில் சொல்லவேணும். நோய் எங்களைப் பிரிக்கேலாது.”

பேச்சு நன்றாகவே அமைந்தது. ஆனால் முடிவு கொஞ்சம் சப்பென்று இருப்பதாக அவருக்குப் பட்டது. புனலை மறுபடி தூக்கினார்.

“ஒரு கிழமை, ஏழு நாள், குரல் கேளாத பேரை இடாப்பில இருந்து வெட்டிப்போடுவன். விளங்குதோ?”

அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஒரு பிள்ளையின் பெயரை வெட்டுவதற்கு மேலிடத்துக்கு எழுதி, மேலிடம் விசாரித்து, நடைமுறை நீளமானது. வாக்கியத்துக்கு ஒரு கனம் வேண்டுமென்று சேர்த்தார், அவ்வளவுதான். பிறகு இருமல் வந்தது. மண்ணெண்ணெய் நாற்றம்.

அக்கரையில் ராக்காயி இடுப்புச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே அதைக் கேட்டாள். மற்ற வார்த்தைகள் மழையில் நனைந்துபோனாலும் ‘பேர்’, ‘வெட்டு’ என்ற இரண்டும் தெளிவாக வந்து சேர்ந்தன. அவை அந்த வீட்டுக்குப் புதியவையும் அல்ல. அவள் புருஷன் மாயாண்டி பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அவன் பெயர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில் இல்லை. அந்த மாதங்களில் நீ எங்கே இருந்தாய், இந்த நாட்டில்தான் இருந்தாயா என்று கேட்டு மனுவைத் திருப்பிவிட்டார்கள். படுத்தால் பெயர் போகும், பெயர் போனால் ஆளே இல்லை. இதை ராக்காயிக்கு யாரும் புனலில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உள்ளே மூத்தவள் லெட்சுமி கம்பிளிக்குள் அனலாகக் கிடந்தாள். பாடசாலை வாசலிலிருந்து மாஸ்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பனி ஓடையிலிருந்து எழுந்து பாலத்தை மூடி, பாடசாலையை மூடி, புனலை மட்டும் விட்டுவைத்திருந்தது.

“மா. லெட்சுமி.”

ராக்காயி வாசலுக்கு வந்தாள். தொண்டையைச் சுருக்கிக்கொண்டாள்.

“உள்ளேன் ஐயா!”

 அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் மூக்கன் தலையை நீட்டினான். காய்ச்சல் வந்து போய், மெலிந்து, வாய் மட்டும் மெலியாமல் இருந்தவன்.

“ஏ ராக்காயி, எப்ப சேந்த பள்ளிக்கூடத்துல? சொல்லவே இல்லயே.”

“சும்மா இருண்ணே. அந்த மனுசன் காதுல விழுந்துரும்.”

“விழட்டும். ஒன்னய விட வயசான புள்ளைங்கள்லாம் மொத வகுப்புல இருக்காங்கன்னு சொல்லிக்கிர்றேன்.”

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரட்டுக்கு வர முடியாதவளுக்காக இன்னொருத்தி குரல் கொடுப்பதும், கணக்கப்பிள்ளை அதைக் கண்டும் காணாததுபோல இருப்பதும் அவர்களுக்குப் பழகியவைதாம். மாஸ்டரும் அப்படிக் கண்டும் காணாமல் இருக்கிறார் என்றே பலர் நினைத்தார்கள். அவரைப்பற்றி அந்த லயத்தில் இருந்த ஒரே நல்ல அபிப்பிராயம் அது, அதுவும் தவறு.

தம்பிராசா மாஸ்டர் உண்மையாகவே மகிழ்ந்துபோயிருந்தார். அவருடைய இடாப்பு அவ்வளவு நிறைவாக ஒருநாளும் இருந்ததில்லை. நல்ல வெயில் நாளிலேயே பாதிப் பிள்ளைகள் வராத பாடசாலையில், கொள்ளைநோய்க் காலத்தில் ஏறக்குறைய எல்லாரும் வந்திருந்தார்கள். அதிலும் அந்த லெட்சுமியின் குரல்! மற்றப் பிள்ளைகள் பனிக்குள் முனகினார்கள்; அவள் குரல் மட்டும் மணி அடித்தாற்போல ஓடையைத் தாண்டி வந்தது. “லெட்சுமியைப் பாத்துப் படியுங்கோ. தொண்டையெண்டால் அது தொண்டை. அதுதான் ஆரோக்கியம்” என்று அவர் புனலில் பாராட்டினார். பாராட்டு ஊக்கமாகி, ஊக்கம் பாடமாயிற்று. லெட்சுமி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு என்றார்.

ராக்காயி வாசற்படியில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தாள். கம்பிளிக்குள்ளிருந்து மகள் மெல்லிய குரலில் சொன்னதை வாங்கி, வெளியே விட்டாள்.

“ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருவத்தொண்ணு.”

அன்றிலிருந்து நாள்தோறும் இது நடந்தது. மகள் மூச்சிரைத்துச் சொல்வாள், தாய் எடுத்துக் கத்துவாள். மற்ற வீடுகளில் காய்ச்சல் வந்தவர்கள் நாலைந்து நாளில் எழுந்து கஞ்சி கேட்டார்கள். இவளும் எழுந்துவிடுவாள் என்று ராக்காயி கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுத்தாள். மருந்துக்கடைக்குப் போய்ப் பிள்ளைக்கென்று கேட்டால் நோயாளிக் கணக்கில் அவள் பெயர் விழுந்துவிடும். தனக்கு இருமல் என்று சொல்லி ஒரு போத்தல் வாங்கிவந்து பாதிப் பாதியாகக் கொடுத்தாள். பிறகு ஒரு பின்னேரம், புனல் வாய்ப்பாடு கேட்டபோது, அவள் சாய்ந்து காத்திருந்தாள். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் கொல்லன் துருத்திபோல வந்தது. அதற்குள் ராக்காயிக்கு ஏழாம் வாய்ப்பாடு பாடமாகியிருந்தது. தானாகவே சொல்லி முடித்தாள்.

தோட்டத்து மருந்துக்காரர் சின்னராசா ஒற்றை ஆள். லயங்களோ மலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவர் தினமும் இருட்டும் நேரத்தில் பாடசாலைப் பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்.

“மாஸ்டர், ஓடைக்கு அந்தப் பக்கம் புள்ளைங்க எப்புடி?”

“முழு வரவு, சின்னராசா. ஒரு பிள்ளைக்குக்கூடச் சுகவீனம் இல்லை. நீர் மேல் கணக்கு லயங்களைப் பாரும். இந்தப் பக்கத்தை என்ர பொறுப்பில விடும்.”

சின்னராசா அப்படியே விட்டார்.

மூக்கன் ஒரு தடவை முயன்றுதான் பார்த்தான். ராக்காயியைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமலோடு தூங்கவும் முடியவில்லை. பாலத்தின் நடுவரை வந்து நின்று, அண்ணாந்து கூப்பிட்டான்.

“வாத்தியாரய்யா, ஒருக்கா லயத்துப் பக்கம் வந்துட்டுப் போங்களேன். புள்ளைங்க மொகத்தப் பாத்த மாதிரியும் இருக்கும்.”

மாஸ்டர் யூகலிப்டஸ் எண்ணெய் தெளித்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாலடி பின்வாங்கினார்.

“முகம் முக்கியமில்லை, மூக்கன். குரல்தான் முக்கியம். குரலிலேயே நான் எல்லாம் கண்டுபிடிச்சுப்போடுவன்.”

“அது சரிங்க. ஆனா குரலுக்குச் சொந்தக்காரங்களயும்…”

“நான் விழுந்துபோனால் இத்தனை பிள்ளையளும் அநாதையல்லோ? யோசிச்சுப் பாரும்.”

மூக்கன் யோசித்தபடியே திரும்பிப்போனான்.

இதற்கிடையில் பாடசாலைகளை மேற்பார்க்கும் வித்தியாதிகாரி முத்துலிங்கத்துக்குச் செய்தி எட்டியது. எட்டும்படி மாஸ்டர் பார்த்துக்கொண்டார். நுவரெலியாவிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி கல்லருகே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, பனிக்குள்ளிருந்து குரல்கள் ஒவ்வொன்றாக எழுவதைக் கேட்டார். தலையாட்டினார். லெட்சுமியின் குரல் வந்தபோது குடையை மடக்கியே விட்டார்.

“மாஸ்டர், இந்தப் பிள்ளையை ஒருக்கால் பார்க்கலாமோ?”

பரிசளிக்கவென்று மாஸ்டர் ஒரு புதிய சிலேட்டு வாங்கி வைத்திருந்தார். அதைப் பாலத்தின் இந்தப் பக்கம் வைத்துக் கொடுப்பதாகத்தான் திட்டம். ஆனால் அதிகாரி நடக்கத் தொடங்கிவிட்டார். அந்நேரம் வந்துசேர்ந்த சின்னராசாவும் மருந்துப் பையோடு கூடவே நடந்தார். மாஸ்டர் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காய்ச்சல் தொடங்கியபின் முதல் தடவையாகப் பலகைப் பாலத்தைக் கடந்தார்.

லயத்தில் அவர் மூக்கனைக் கண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்: “லெட்சுமியின்ர வீடு எது?”

மூக்கன் மோவாயால் காட்டினான். வாசலில் ஒரு பெண்பிள்ளை சளி ஒழுக நின்றுகொண்டிருந்தது. மாஸ்டரின் முகம் மலர்ந்தது. சிலேட்டை அதன் கையில் கொடுத்து, தலையைத் தொடுவதுபோலத் தொடாமல் கையை வைத்தார்.

“இதுதான் சேர், எங்கட லெட்சுமி.”

 பிள்ளைக்குப் பின்னால் ராக்காயி நின்றாள். கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் இருந்தது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லது. பிள்ளை, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, கேப்பம்” என்றார் அதிகாரி குனிந்து.

பிள்ளை சிலேட்டின் மரச்சட்டத்தைக் கடித்துப் பார்த்தது.

“சொல்லம்மா.”

இன்னொரு கடி.

“சபைக் கூச்சம் சேர்,” என்றார் மாஸ்டர். “தூர நிண்டால் நல்லாச் சொல்லுவள். வேணுமெண்டால் நாங்கள் திரும்ப அக்கரைக்குப் போய்…”

“ஓரேழு ஏழு.”

அதே குரல். பிள்ளையின் தலைக்கு மேலேயிருந்து வந்தது. ராக்காயி தரையைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, சொல்லிக்கொண்டிருந்தாள். “ஈரேழு பதினாலு. மூவேழு இருவத்தொண்ணு. நாலேழு இருவத்தெட்டு.” யாரும் நிறுத்தச் சொல்லாததால் கடைசிவரை சொன்னாள். லயத்துப் பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதிகாரி நிமிர்ந்து, மழை இல்லாதபோதும் குடையை விரித்தார்.

சின்னராசாதான் முதலில் பேசினார். “அப்ப லெட்சுமி எங்க?”

ராக்காயி நிலையிலிருந்து கையை எடுத்து ஒதுங்கினாள்.

உள்ளே போன சின்னராசா வெளியே வந்தபோது மாஸ்டரைப் பார்க்கவில்லை, மூக்கனைப் பார்த்தார். “நெஞ்சு முழுக்கக் கட்டிக்கிட்டு நிக்குது. தேயில ஸ்டோருக்கு ஓடிப்போயி கொழுந்து லொறியத் திருப்பச் சொல்லு. டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்.” பிறகு, யாருக்கென்று இல்லாமல், “முழு வரவுன்னாங்க” என்றார்.

லொறி வரும்வரை அங்கே நிற்பதைத் தவிர மாஸ்டருக்கு வேறு வழி இருக்கவில்லை. கைக்குட்டை எப்போதோ அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. உள்ளேயிருந்து அந்த மூச்சு வந்துகொண்டிருந்தது. புனல் இல்லாமலே அது நன்றாகக் கேட்டது. ராக்காயி மகளுக்கு மாற்றுச்சேலைத் துண்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தவள் அவர் முன்னால் நின்றாள்.

“ஆஸ்பத்திரில கெடக்கிற நாளுக்கு அவ பேர வெட்டிறாதீங்க ஐயா. நான் வேணும்னா ராத்திரி வந்து பதில் சொல்லிர்றேன்.”

“எனக்கு…” மாஸ்டர் கைக்குட்டையைக் கழுத்திலிருந்து உருவினார். “எனக்கு அந்த அதிகாரம் இல்லை, ராக்காயி. அது சும்மா சொன்னது.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் வருமென்று அவர் எதிர்பார்த்தார். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அப்ப யாருகிட்டங்க போயி கேக்கணும்?” என்றாள்.

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி குடைக்கம்பிகளை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

லொறி விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவில் வந்து நின்றது. மூக்கன் கம்பிளியோடு பிள்ளையைத் தூக்கிவந்தான். மற்றவர்கள் வழிவிட்டார்கள், மாஸ்டர் மட்டும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றதால் கம்பிளி அவர் மார்பை உரசிக்கொண்டு போனது. லொறி வெளிச்சத்தில் அந்த முகம் முழுதாகத் தெரிந்தது. உதடு வெடித்து, கண் பாதி திறந்து. அவரைக் கண்டதும் எழுந்து நிற்க முயல்வதுபோலக் கம்பிளிக்குள் காலொன்று அசைந்தது. ராக்காயி கொழுந்துச் சாக்குகளுக்கிடையில் ஏறி உட்கார்ந்து மடியை விரித்தாள். லொறி கிளம்பி, சிவப்பு விளக்கு பனிக்குள் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. வாசலில் நின்ற தங்கச்சி ராசம்மா சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்தாள். அவளை இன்னும் பாடசாலையில் சேர்த்திருக்கவில்லை.

பாலத்தைக் கடக்கும்போது அதிகாரி ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டார்: “பிள்ளை வகுப்பில எப்பிடி, மாஸ்டர்?”

“நல்ல பிள்ளை, சேர்” என்றார் தம்பிராசா. வகுப்பில் எப்போதாவது அந்த முகத்தைப் பார்த்ததை அவர் நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார்.

லெட்சுமி இரண்டு வருஷமாக முதல் பெஞ்சியில், அவருடைய மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள்.